மஞ்சள் காட்டாத காமாலை

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மஞ்சள் காமாலை வந்ததுண்டா?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் "ஏன் இல்லை?" என்றுதான் பதில் வரும். கண் மஞ்சளாகும். சிறுநீர் கட்டித் தேத்தண்ணி நிறத்தில் போகும். சோற்றைக் கண்டாலே குமட்டும். பாட்டி லயத்துக்குப் பின்னால் வாய்க்கால் ஓரமாகப் போய், கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிவந்து, கழுவி அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுப்பார். உப்பில்லாக் கஞ்சிதான் சாப்பாடு. எண்ணெய்த் தாளிப்பு வாசனையே வீட்டுப் பக்கம் வரக்கூடாது. சில வாரங்களில் ஆள் எழுந்து பெரட்டுக்குப் போய்விடுவார். "பார்த்தாயா, பச்சிலையின் மகிமையை!" என்பார் பாட்டி.

அந்தக் காமாலையைப் பற்றி இன்று நான் எழுத வரவில்லை. கண்ணிலும் காட்டாமல், காய்ச்சலும் தராமல், இருபது முப்பது ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே சத்தமில்லாமல் குடியிருக்கும் இன்னொரு வகை இருக்கிறது. ஹெப்படைடிஸ் பி என்று அதற்குப் பெயர். தமிழில் கல்லீரல் அழற்சி பி என்று எழுதுகிறார்கள். பெயர் எதுவானாலும், நம் வீடுகளில் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் என் குறை.

சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு கடிதம்

கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1974-ல் பிறந்தவர். தோட்டம் துண்டாடப்பட்டபோது குடும்பம் வெளியேறியது. இப்போது அடுக்குமாடி வீட்டில் மூன்றாம் மாடி, லாரி ஓட்டுகிறார். குடிப்பழக்கம் கிடையாது. கோவில் மண்டபத்தில் இரத்ததான முகாம் நடந்தது. நல்ல காரியம் என்று போய்க் கையை நீட்டினார். சில வாரங்களுக்குப் பிறகு இரத்த வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் இரத்தத்தை ஏற்க இயலாது, ஆலோசனைக்கு வாருங்கள் என்று மலாயில் எழுதியிருந்தது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கடிதத்தை நான்காக மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். எட்டு மாதம் அது அங்கேயே இருந்தது. தீபாவளிக்குச் சுவர் துடைக்கப் படத்தைக் கழற்றிய மனைவியின் கையில் அது விழுந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று அந்த அம்மா அழுதிருக்கிறார். அன்று மாலையே அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. பிள்ளைகள் பக்கத்தில் படுக்கவும் தடை. பயத்தில் செய்தது, பாசமில்லாமல் அல்ல. ஆனால் தனித் தட்டுக்கு எந்தத் தேவையும் இல்லை என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்கள் வீட்டில் தெரியுமா?

இந்தக் கிருமி இரத்தத்தின் வழியாகவும் உடற்சேர்க்கையின் வழியாகவும்தான் பரவும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, இருமுவதாலோ, கொசு கடிப்பதாலோ வருவதில்லை. தண்ணீராலும் சோற்றாலும் பரவுவது ஹெப்படைடிஸ் ஏ. பாட்டி கீழாநெல்லி கொடுத்துக் குணமாக்கியதாகச் சொல்லும் காமாலையில் பெரும்பங்கு அதுவாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் 'காமாலை' என்று ஒரே பெயரை வைத்துக்கொண்டதால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

யாரிடமிருந்து யாருக்கு?

வளர்ந்த ஆள் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றினால், நூற்றுக்கு 95 பேர் தாமாகவே அதை உடம்பிலிருந்து விரட்டிவிடுகிறார்கள். சிலருக்கு நடுவில் கண் மஞ்சளாகும்; சிலருக்கு அதுவும் இல்லை. ஆனால் பிறக்கும்போதோ முதல் வயதுக்குள்ளோ தொற்றினால் கதை தலைகீழ். நூற்றுக்குச் சுமார் 90 பிள்ளைகளிடம் கிருமி நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. பச்சைப் பிள்ளையின் உடம்புக்கு அதை அந்நியன் என்று இனம்காணத் தெரியவில்லை. வீட்டுப் பிள்ளை என்று நினைத்து இடம் கொடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தப் பிள்ளை நன்றாகவே வளரும். பள்ளிக்குப் போகும், பந்து விளையாடும், கல்யாணம் கட்டும். கல்லீரல் வலி சொல்லத் தெரியாத உறுப்பு. நாற்பது, ஐம்பது வயதில் ஒருநாள் வயிறு வீங்கும், கால் வீங்கும், இரத்த வாந்தி வரும். கிருமி நிரந்தரமாகத் தங்கியவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்குக் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வரும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2022-ல் உலகம் முழுவதும் 25 கோடியே 40 இலட்சம் பேரிடம் இந்தக் கிருமி இருந்தது. அவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் தமக்கு அது இருப்பதே தெரியும்.

நம் பழைய தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஐயா கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்கவைத்து, அதே ஊசியை அடுத்தவருக்கும் போடுவார். முறையாகக் கொதித்தால் பயமில்லை. வரிசை நீளமாக இருக்கும் நாளில் எத்தனை நிமிடம் கொதித்ததோ, யார் கண்டது? மரத்தடியில் முடிவெட்டுபவர் ஒரே கத்தியைத் தோல்வாரில் தீட்டித் தீட்டி லயம் முழுவதற்கும் சிரைப்பார். ஒரே ஊசியால் நாலு பிள்ளைகளுக்குக் காது குத்துவார்கள், பச்சை குத்துவார்கள். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. 1965 வரை இப்படி ஒரு கிருமி உண்டு என்ற தடயமே விஞ்ஞானிகளுக்குக் கிடைக்கவில்லை. டிரெசர் ஐயாவுக்கு எப்படித் தெரியும்?

உடம்புக்கு வெளியே உலர்ந்த இரத்தத்தில்கூட இந்தக் கிருமி ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். ஆகவே இன்றும் சவரக்கத்தி, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றை அண்ணன் தம்பியோடுகூடப் பகிர வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் கடையானாலும் கிள்ளான் கடையானாலும் சவரத்துக்கு உட்காரும்போது புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் நீங்கள் கேட்குமுன்பே மாற்றிவிடுவார். கேட்டால் கோபிக்கவும் மாட்டார். தைப்பூசத்தில் பத்துமலைக்கு முடியிறக்கப் போகிறீர்களா? பிள்ளையின் தலையில் கத்தி படுமுன் பிளேடு உறை பிரிபடுவதை உங்கள் கண்ணால் பாருங்கள். அலகு குத்திக்கொள்பவர்கள், அவரவர் அலகை அவரவரே வைத்துக்கொள்வது நல்லது. நேர்த்திக்கடனுக்கு இதனால் குறைவு வந்துவிடாது.

1989 என்னும் கோடு

இனி நல்ல செய்தி. நம் நாட்டில் 1989 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த நோய்க்குத் தடுப்பூசி போடுகிறார்கள். பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரியிலேயே, தாயின் பக்கத்திலிருந்து தொட்டிலுக்குப் போகுமுன்பே, தொடையில் முதல் ஊசி விழுந்துவிடும். பல ஆண்டுகளாகப் பிறந்தவுடன் ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என்று போட்டார்கள். 2020 கடைசியிலிருந்து, பிறந்தவுடன் போடும் ஊசி அப்படியே இருக்க, மற்றவை ஆறு நோய்களுக்கு ஒன்றாகப் போடும் கூட்டு ஊசியில் சேர்ந்துவிட்டன. இரண்டு, மூன்று, ஐந்து, பதினெட்டாம் மாதங்களில் அதைப் போடுகிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் காசு கிடையாது.

பலன் என்ன? ஒரு காலத்தில் நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேரிடம் இக்கிருமி இருப்பதாக மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். இன்று சிறுபிள்ளைகளிடம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 1984-ல் நமக்கு முன்பே தொடங்கிய தைவானில், பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயே குறைந்துவிட்டது. புற்றுநோயைத் தடுக்கும் முதல் ஊசி என்று இதற்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

ஆனால் அந்த 1989 ஒரு கோடு போல நம் வீட்டின் நடுவே ஓடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பத்திரமாக நிற்கிறார்கள். இந்தப் பக்கம் அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை. அதாவது தோட்டத்தில் பிறந்த தலைமுறை. அவர்களுக்கு யாரும் ஊசி போடவில்லை; இரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததும் இல்லை. பிள்ளையின் ஊசிப் புத்தகத்தை வருடக்கணக்காகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காப்பாற்றும் தாய்மார்களே, உங்களுக்கென்று ஒரு புத்தகம் உண்டா?

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே உணவகங்களிலும் கடைகளிலும் வேலை பார்க்கும் தம்பிமார்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் இந்தத் தடுப்பூசி நாடு முழுவதுக்கும் வந்தது 2011-ல்தான். ஆகவே நீங்கள் 1989-க்குப் பிறகு பிறந்திருந்தாலும் ஊசி போட்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

"இது சீனருக்கு வரும் வியாதி, நமக்கு வராது" என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நம் நாட்டு ஆய்வுகளில் சீனரிடையே அதிகமாகவும் இந்தியரிடையே குறைவாகவும் இருப்பது உண்மைதான். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? குறைவு என்பதாலேயே நம்மவர் சோதிக்காமல் விட்டு, வயிறு வீங்கிய பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

கீழாநெல்லியும் சென்னைப் பல்கலைக்கழகமும்

பாட்டியின் பச்சிலையை நான் ஏளனம் செய்வதாக யாரும் நினைக்கக்கூடாது. அதை விஞ்ஞானிகளே மதித்துச் சோதித்துப் பார்த்த கதை ஒன்று உண்டு. நம் தமிழர் சம்பந்தப்பட்டது.

இந்தக் கிருமியின் தடயத்தை முதலில் கண்டவர் பரூக் புளும்பெர்க் என்ற அமெரிக்கர். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் அது தென்பட்டதால் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார். தடுப்பூசிக்கும் வழிகாட்டினார். 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஆம் நாளைத்தான் இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாக அனுசரிக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்டவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து நம் கீழாநெல்லியை எடுத்தார். கிருமி நிரந்தரமாகத் தங்கியவர்களில் ஒரு பிரிவினருக்குக் கீழாநெல்லிப் பொடி, இன்னொரு பிரிவினருக்கு வெறும் பொடி, முப்பது நாள். எது எது என்று குடிப்பவருக்குத் தெரியாது. 1988-ல் இலண்டனின் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் காணப்படவில்லை. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. நம்மவர் நெஞ்சு நிமிர்த்தியிருக்க வேண்டிய செய்தி!

ஆனால் விஞ்ஞானத்தில் ஒருமுறை கிடைத்தால் போதாது. வேறு இடத்தில், வேறு கையில் செய்தாலும் அதே முடிவு வர வேண்டும். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், வரவில்லை. நியூசிலாந்திலும் வரவில்லை. இன்றுவரை கீழாநெல்லி இந்தக் கிருமியை விரட்டும் என்று உறுதிப்படவில்லை.

அப்படியென்றால் பாட்டி கையால் குடித்தவர்கள் எப்படி எழுந்து நடந்தார்கள்? ஹெப்படைடிஸ் ஏ என்றால் பெரும்பாலும் தானே போய்விடும். வளர்ந்தவருக்கு வந்த ஹெப்படைடிஸ் பி-யும் பெரும்பாலும் அப்படியே. குடித்தாலும் எழுவார்கள், குடிக்காவிட்டாலும் எழுவார்கள். பேர் மட்டும் பச்சிலைக்கு. மோரும் ஓய்வும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கண் தெளிந்துவிட்டது என்று இரத்தச் சோதனைக்குப் போகாமல் விடுவதில்தான் ஆபத்து. மஞ்சள் போய்விட்டதைக் கண் சொல்லும். கிருமி போய்விட்டதா என்பதை இரத்தம்தான் சொல்லும்.

சம்சுவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கிருமி இருக்கும் கல்லீரலில் சாராயம் விழுவது எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுவது போல. "குடித்துத்தான் ஈரல் கெட்டது" என்று ஊரார் முடிவுகட்டிவிட்ட எத்தனை சாவுகளில் கிருமியும் கூட்டாக இருந்ததோ? யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஒரு குழாய் இரத்தம்

என்ன செய்ய வேண்டும் என்கிறீர்களா? அதிகமில்லை. அருகில் உள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி. "நான் 1989-க்கு முன் பிறந்தவன், ஹெப்படைடிஸ் பி சோதனை செய்ததில்லை, செய்ய வேண்டும்" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கையிலிருந்து ஒரு குழாய் இரத்தம் எடுப்பார்கள். அடையாளம் 'இல்லை' என்று வந்து, எதிர்ப்புச் சக்தியும் இல்லையென்றால், பெரியவர்களும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. பெரியவர்களுக்குப் பொதுவாகக் கைக்காசு போட்டுத்தான் போட வேண்டியிருக்கும். கேட்டு, விலை தெரிந்துகொண்டு போடுங்கள். மூன்றில் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறப்பதுதான் நம்மிடம் உள்ள பழக்கம்.

'இருக்கிறது' என்று வந்தால்? உலகம் முடிந்துவிடவில்லை. எல்லோருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிறவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை; டெனோபோவிர், என்டெகாவிர் என்று பெயர். கிருமியை அடியோடு ஒழிக்காது. அடக்கிவைத்துக் கல்லீரலைக் காப்பாற்றும். மற்றவர்கள் டாக்டர் சொல்லும் கெடுவில் இரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கிளினிக் டாக்டர் தேவையானால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார். செலாயாங் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கல்லீரலுக்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள்.

கர்ப்பிணிப் பெண்கள் இதில் தனி. முதல் பரிசோதனையிலேயே இந்தச் சோதனையும் சேர்ந்திருக்கிறதா என்று தாதியிடம் கேளுங்கள். தாய்க்குக் கிருமி இருப்பது முன்பே தெரிந்தால், பிறந்த சில மணி நேரத்துக்குள் பிள்ளைக்குத் தடுப்பூசியோடு இன்னொரு பாதுகாப்பு ஊசியும் போட்டுவிடுவார்கள். தேவையானால் தாய்க்கே கடைசி மாதங்களில் மாத்திரை கொடுப்பார்கள். பிள்ளை தப்பித்துக்கொள்ளும். தாய்ப்பாலும் கொடுக்கலாம், பயமில்லை.

ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் சோதிக்க வேண்டும். கூடப்பிறந்தவர்கள் எதற்கு என்று கேட்பீர்கள். எல்லோரும் ஒரே தாயின் வயிற்றிலிருந்து வந்தவர்கள் அல்லவா?

கிள்ளான் நண்பரின் வீட்டுக்கு வருகிறேன். கடிதம் வெளியே வந்த வாரமே மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத குறையாக அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். இரண்டாம் சோதனையிலும் 'இருக்கிறது' என்றே வந்தது. கல்லீரல் ஓரளவு பாதிக்கப்பட்டிருந்ததால் மாத்திரை தொடங்கினார்கள். மனைவிக்கு இல்லை, அவர் மூன்று ஊசியும் போட்டு முடித்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் 1989-க்குப் பிறகு பிறந்தவர்கள், ஊசிப் புத்தகம் இருந்தது, சோதனையிலும் ஒன்றுமில்லை. தனித் தட்டு அலமாரிக்குத் திரும்பிவிட்டது. இப்போது தனியாக இருப்பது அவருடைய சவரக்கத்தியும் பல்துலக்கியும்தான்.

அப்போதுதான் டாக்டர் கேட்டாராம், "உங்கள் அம்மா எப்படி இறந்தார்?" என்று. இவருக்கு வாய் அடைத்துவிட்டது. அம்மா இறந்தபோது இவருக்குப் பதினாறு வயது. வயிறு பானைபோல வீங்கி, கை கால் குச்சியாகி, கடைசியில் இரத்த வாந்தி எடுத்து இறந்தார். அந்த அம்மா ஒரு சொட்டுக் கள்ளையும் தொட்டதில்லை. பக்கத்து லயத்துக்காரி வைத்த சூனியம் என்று தோட்டமே பேசியது. அந்தப் பழியோடு அந்தப் பெண்மணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று சோதித்துப் பார்க்க அம்மாவின் இரத்தம் இல்லை; நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் தங்கையைச் சோதித்ததில் அவருக்கும் கிருமி இருந்தது. தங்கை இப்போது கெடு தவறாமல் ஸ்கேனுக்குப் போய்வருகிறார். மாத்திரை இன்னும் தேவைப்படவில்லை.

கடைசித் தம்பி ஒருவர் இருக்கிறார். பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை. "எனக்கு ஒன்னும் இல்ல அண்ணே, நல்லாத்தான் இருக்கேன்" என்று மூன்று முறை தட்டிக்கழித்துவிட்டார். குலை வெட்டும் வேலை, லீவு எடுத்தால் நாள்சம்பளம் போகும் என்பது அவர் சொல்லும் காரணம். பயம்தான் உண்மையான காரணம் என்கிறார் அண்ணி. "அந்த ஒரு நாள் சம்பளத்தை நான் கொடுத்துவிடுகிறேன், வருகிறாயா?" என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை அண்ணி தொலைபேசியில் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் பதிலே இல்லையாம். பிறகு, "எத்தனை மணிக்கு வரணும் அண்ணி?" என்று கேட்டாராம்.